பத்து மில்லி அழியாத மை: குப்பியைக் கையில் எடுத்தவரின் மதிப்புரை

கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு பழுப்பு நிறக் குப்பி, உள்ளே பத்து மில்லி ஊதா நிற மை, தீட்டுவதற்கு ஒரு சிறு குச்சி: பொருள் இவ்வளவுதான். கடையில் கிடைக்காது; தேர்தல் ஆணையங்களுக்காகவும் அரசுகளுக்காகவும் தயாரிக்கப்படுவது. பள்ளி ஆசிரியன் என்ற முறையில் தேர்தல் பணிக்கு அழைக்கப்பட்டு, இரண்டு தேர்தல்களில் இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலராக உட்கார்ந்து, காலையிலிருந்து மாலை வரை வந்த விரல்களுக்கெல்லாம் இதைத் தீட்டியவன் என்பதால், இதன் நிறைகுறைகளைச் சொல்ல எனக்குச் சிறிது தகுதி உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் என் சாவடியில் இந்த மைக்குக் கிடைத்தது துணை வேடம். அச்சிட்ட வாக்காளர் பட்டியல், படத்துடன் கூடிய அடையாள அட்டை, ஒவ்வொரு முகத்தையும் அறிந்த கட்சி முகவர்கள், வாசலில் காவலர்கள் என்று எல்லாம் கூடியிருந்த இடத்தில், மை இல்லாவிட்டாலும் தேர்தல் எப்படியோ நடந்தேறியிருக்கும். இந்தப் பொருளின் உண்மையான சோதனைக்களம் வேறு. போர் ஓய்ந்தோ, நிறவெறி ஆட்சி இறங்கியோ, ஒரு நாட்டின் மக்கள் முதன்முறையாக வாக்களிக்க வரிசையில் வந்து நிற்கும்போது, பல சமயம் பட்டியலும் இருப்பதில்லை, ஒருவரையொருவர் நம்புவதற்கான பழக்கமும் இருப்பதில்லை. அந்த நாளில் அது எப்படி உழைத்தது என்பதைக் கொண்டே இதை எடைபோட வேண்டும்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மையின் உயிர் வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பு. பொதுவாக 10 முதல் 18 சதவீதம் வரை அது கலக்கப்படுகிறது. தோலில் பட்டதும் அங்குள்ள உப்போடும் புரதத்தோடும் வினைபுரிந்து, வெளிச்சம் பட்டதும் கருத்து, தோலின் மேலடுக்கிலேயே ஊன்றிவிடுகிறது. தோலில் மூன்று நான்கு நாள் தாங்கும். நகத்திலும் நகக்கண்ணிலும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை நிற்கும். வைத்தவுடன் நம் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறம் உடன் கலந்த சாயத்தினுடையது, அடையாளத்துக்காகச் சேர்த்தது, கழுவினால் வெளுத்துவிடக் கூடியது. அது வெளுத்த பிறகு கரும்பழுப்பாக எழுந்து வருவதுதான் வெள்ளியின் வேலை. இந்த நுணுக்கம் தெரியாதவர்கள், சாயம் வெளுத்ததைப் பார்த்து மையே அழிந்துவிட்டது என்று கூச்சலிடுவதும் உண்டு; ஈரம் காய்வதற்குள் துடைத்துவிட்டால் உண்மையிலேயே அழிந்துபோவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய வேண்டிய பொறுப்பு மேசைக்குப் பின்னால் இருப்பவருடையது.

எந்தக் கையேட்டை எடுத்தாலும் முதலில் படிக்க வேண்டியது பயன்படுத்தும் முறைதான். வாக்காளர் முன்னால் வந்து நின்றதும் நாங்கள் செய்யும் முதல் வேலை மை வைப்பதன்று, விரலைப் பார்ப்பது. இடது சுட்டுவிரலில் ஏற்கெனவே கறை இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெயோ சுண்ணாம்போ ஒட்டியிருந்தால் துணியால் துடைத்து, பிறகு நகத்தின் மேல்நுனியிலிருந்து முதல் மூட்டின் அடிவரை ஒரு கோடு இழுக்க வேண்டும். நகமும் தோலும் கூடும் இடத்தில் ஒரு பொட்டாக வைத்துவந்ததை மாற்றி, கோடாக இழுக்கும் இந்த முறையை இந்தியத் தேர்தல் ஆணையம் 2006இல் கொண்டுவந்தது. இடது சுட்டுவிரல் இல்லாதவருக்கு இடது கையின் வேறொரு விரல், இடது கையில் விரலே இல்லாதவருக்கு வலது கையின் சுட்டுவிரல், இரு கைகளிலும் விரல் இல்லாதவருக்குக் கையின் முனை என்று விதி நீண்டுகொண்டே போகிறது. அந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எழுதியவர் எத்தனை வகையான உடல்களை மனத்தில் நிறுத்தியிருக்கிறார் என்று வியந்திருக்கிறேன். மை வைத்த பிறகே வாக்கு. விரல் காய்வதற்கு நேரம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வரிசை. வாக்குப் போடும் இடத்துக்கு அனுப்புமுன் மூன்றாம் அலுவலர் இன்னொரு முறை விரலைப் பார்ப்பார். ஒரு பத்து மில்லி குப்பி சுமார் 700 விரல்களுக்கு வரும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. என் அனுபவத்தில் அது மிகையில்லை.

இந்தியாவின் குப்பிகள் மைசூரிலிருந்து வருகின்றன. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937இல் தொடங்கி வைத்த அரக்குத் தொழிற்சாலைதான் பின்னாளில் மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்ற கர்நாடக அரசு நிறுவனமாயிற்று. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் செய்முறையைக் கொண்டு, 1962 பொதுத் தேர்தல் முதல் அங்கிருந்தே மை வருகிறது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் உலகில் இதைத் தயாரிப்பவர்கள் அவர்கள் மட்டுமல்லர் என்பதால், ஒரு நிறுவனத்தின் சரக்கைத் தனியே எடுத்து இங்கே பேசவில்லை. அழியாத மை என்ற பொருள்வகையையே பேசுகிறேன்.

வாக்காளர் பட்டியல் என்பது எளிதில் விளையும் பயிரன்று. வீடுவீடாகப் போக வேண்டும், பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும், முகவரி வேண்டும், இறந்தவர் பெயரை நீக்க வேண்டும். இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு 1951–52இல் சுமார் 17 கோடியே 30 லட்சம் பெயர்கள் கொண்ட பட்டியலை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையில் தயாரித்தபோது, தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிந்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டி வந்தது. நிர்வாக அமைப்பு ஒன்று ஏற்கெனவே வேரூன்றியிருந்த நாட்டிலேயே இந்த நிலை. (அதே சுகுமார் சென் 1953இல் சூடானுக்கு அழைக்கப்பட்டு, அந்நாடு சுயாட்சிக்கு மாறும் முன் நடந்த தேர்தலை மேற்பார்த்த சர்வதேச ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார், நம் ஊர்ப் பாடநூல்களில் இதற்கு ஒரு வரியாவது கொடுக்கலாம்.) போரில் பாதி மக்கள் எல்லை தாண்டி அகதிகளாகிப் போன நாட்டில், அல்லது பழைய ஆட்சி வைத்திருந்த பதிவேட்டையே மக்கள் உளவுக் கோப்பாகப் பார்க்கும் நாட்டில், ஆறு மாதத்தில் நம்பத்தகுந்த பட்டியல் தயாரிப்பது எப்படி? தேர்தலைத் தள்ளிப்போட்டால் மீண்டும் துப்பாக்கி எடுக்கக் காத்திருப்பவர்கள் ஒருபுறம். அவசரமாக நடத்தினால் முடிவை ஏற்க மறுப்பவர்கள் மறுபுறம். இந்த இடுக்கில்தான் மை தன் தனித்தன்மையைக் காட்டுகிறது. எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாமலேயே, அவர் ஒரு முறைதான் வந்தார் என்பதை மட்டும் அது உறுதி செய்யும். வேறு எந்தக் கருவியும் இவ்வளவு குறைந்த தகவலை வைத்துக்கொண்டு இவ்வளவு பயனுள்ள வேலையைச் செய்வதில்லை.

செய்யத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தானை விடச் சிறந்த பாடம் இல்லை. 2004 அக்டோபர் 9 அன்று அந்நாட்டின் முதல் நேரடி அதிபர் தேர்தல் நடந்தது. தாலிபான் ஆட்சி வீழ்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. வாக்குச்சீட்டில் 18 வேட்பாளர்களின் படமும் சின்னமும் இருந்தன. பாகிஸ்தானிலும் ஈரானிலும் இருந்த அகதிகளும் வாக்களித்தனர். நம்பத்தகுந்த மக்கள்தொகைக் கணக்கு இல்லாத அந்நாட்டில் ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் அட்டைகள் வழங்கப்பட்டிருந்தன. தகுதியுள்ளோர் எண்ணிக்கை என்று மதிப்பிட்டிருந்ததையும் அது தாண்டிவிட்டது. அதாவது, ஒருவர் கையில் இரண்டு மூன்று அட்டைகள் இருப்பது ஊரறிந்த செய்தி. அதிகாரிகள் அதை மறுக்கவும் இல்லை. எத்தனை அட்டை வைத்திருந்தாலும் விரலில் மை பட்ட பிறகு இரண்டாம் முறை வர முடியாது என்று சொல்லிவந்தார்கள். இவ்வாறு பட்டியலின் ஓட்டை முழுவதையும் அடைக்கும் பொறுப்பு ஒரே ஒரு பொருளின் தலையில் விழுந்தது.

வாக்குப்பதிவு தொடங்கிச் சில மணி நேரத்துக்குள் அந்தப் பொருள் காலை வாரியது. சாவடிகளுக்கு இரண்டு வகைப் பேனாக்கள் போயிருந்தன. ஒன்று வாக்குச்சீட்டில் குறியிடுவதற்கு. மற்றொன்று விரலில் அழியாத அடையாளம் இடுவதற்கு. சில சாவடிகளில் பணியாளர்கள் சீட்டுக்கான பேனாவை எடுத்து விரலில் தீட்டிவிட்டார்கள். வெளியே வந்தவர்கள் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள், போய்விட்டது. நண்பகலுக்குள் இடைக்கால அதிபர் ஹமீத் கர்சாயை எதிர்த்து நின்ற 15 வேட்பாளர்கள் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர். போட்டியிட்ட ஒரே பெண்ணான மசூதா ஜலாலும் அவர்களில் ஒருவர். மலைப்பாதைகளில் கழுதைகள் மீது பெட்டிகளை ஏற்றிப்போய், குண்டுவெடிப்பு அச்சத்தையும் மீறி லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்ற தேர்தல், இரண்டு பேனாக்கள் இடம் மாறியதால் கவிழ இருந்தது என்றால் அது மிகையன்று.

கவிழாமல் காத்தது எது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குப்பதிவை இடையில் நிறுத்தக் கேட்ட கோரிக்கையைத் தேர்தல் நிர்வாகக் குழு ஏற்கவில்லை. அதே சமயம் புகாரை அலட்சியமும் செய்யவில்லை. ஐக்கிய நாடுகள் சபை மூன்று வல்லுநர்கள் கொண்ட குழுவை அமைத்து விசாரிக்க ஏற்பாடு செய்தது. அந்த உறுதியை ஏற்று, முக்கிய வேட்பாளர்கள் சில நாள்களிலேயே புறக்கணிப்பைக் கைவிட்டனர். குறைகள் நடந்தது உண்மை, ஆனால் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை என்று குழு கூறியது. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் கர்சாய்க்கு 55.4 சதவீதம், அடுத்து வந்த யூனுஸ் கானூனிக்குச் சுமார் 16 சதவீதம். இடைவெளி அவ்வளவு பெரியதாக இருந்ததால் மையின் குறை மன்னிக்கப்பட்டது. இடைவெளி இரண்டு சதவீதமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. என் மதிப்பீட்டில் அங்கே தவறியது மையின் வேதியியலன்று. பணியாளர்களின் கையில் எளிதில் மாறிப்போகக் கூடிய இரண்டு பேனாக்களைக் கொடுத்துவிட்டு, ஒன்றை உருவத்தாலோ நிறத்தாலோ வேறுபடுத்தாமல் விட்ட பொட்டலக் கலைதான் தவறியது. குப்பியும் குச்சியும் என்ற பழைய வடிவம் எவ்வளவு நாட்டுப்புறமாகத் தோன்றினாலும், அதை வைத்துச் சீட்டில் குறியிட யாருக்கும் தோன்றாது. பேனா வடிவத்தை நான் பரிந்துரைக்காததற்கு அதுவே முதல் காரணம்.

அதே நாட்டின் அடுத்த அதிபர் தேர்தல், 2009இல், இந்தப் பொருளின் எல்லையைக் காட்டிக்கொடுத்தது. அப்போதும் மை அழிகிறது என்ற புகார் எழுந்தது. ஆனால் உண்மையான மோசடி விரல்களின் வழியே வரவேயில்லை. பாதுகாப்பில்லாததால் பார்வையாளர்கள் எட்டிப் பார்க்க முடியாத சாவடிகளில், வாக்காளரே வராமல் கட்டுக்கட்டாகச் சீட்டுகள் பெட்டிக்குள் போயின. தேர்தல் புகார் ஆணையம் ஆராய்ந்து ஏராளமான வாக்குகளைத் தள்ளுபடி செய்ததும் கர்சாயின் பங்கு 49.67 சதவீதமாக இறங்கியது. இரண்டாம் சுற்று அறிவிக்கப்பட்டு, எதிரணியின் அப்துல்லா அப்துல்லா விலகிக்கொண்டதால் அது நடக்காமலே போயிற்று. ஒரே ஆள் இரண்டு முறை வாக்களிப்பதைத்தான் மை தடுக்கும். யாருமே வராமல் நிரம்பும் பெட்டிக்கு விரல் ஏது, மை வைக்க? இதைப் பொருளின் குறை என்று சொல்வது, குடை வெள்ளத்தைத் தடுக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது. ஆனால் குடையை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வெள்ளத்துக்கும் இதுவே போதும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. 2005 ஜனவரி 30 அன்று ஈராக்கில் வாக்களித்தவர்கள் ஊதா விரலை உயர்த்திக் காட்டிய படங்கள் உலகமெங்கும் வெளிவந்து, சில நாள்களில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தாமும் விரலில் சாயம் தோய்த்துக்கொண்டு அவைக்கு வந்தார்கள். சுன்னி மக்களில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்ற தேர்தல் அது. எந்த விரலில் கறை இல்லை என்பதைப் படம் காட்டுவதில்லை.

இன்னொரு குறை மிகக் கொடியது. இது பொருளின் இயல்பிலேயே இருப்பது. கண்ணுக்குத் தெரியும் அடையாளம் நண்பருக்கும் தெரியும், பகைவருக்கும் தெரியும். 2014 ஜூன் மாதம் ஆப்கானிஸ்தானில் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நடந்த நாளில், ஹெராத் மாகாணத்தில் வாக்களித்துவிட்டுத் திரும்பிய 11 முதியவர்களின் மை பட்ட விரல்களைத் தாலிபான்கள் வெட்டினர். வாக்கு ரகசியமானது என்று சொல்லிவிட்டு, வாக்களித்த செய்தியை மட்டும் இரண்டு வாரம் உடம்பில் எழுதி அனுப்பும் பொருள் இது. என் ஊரில் அந்தக் கறையைத் தற்படம் எடுத்துப் போடுகிறோம். ஹெராத்தில் அதைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக ஒரு வகை உண்டு: வெறும் கண்ணுக்குத் தெரியாத மை. தென்னாப்பிரிக்காவில் 1994 ஏப்ரல் 26 முதல் 29 வரை நடந்த முதல் அனைத்து மக்கள் தேர்தலில் பயன்பட்டது அதுதான். அந்தத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியலே கிடையாது. நீதிபதி யோஹான் க்ரீக்லர் தலைமையிலான சுதந்திரத் தேர்தல் ஆணையம் 1993 டிசம்பரில்தான் உருவானது; கையில் இருந்தது நான்கு மாதம். நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை ‘தாயகங்கள்’ என்ற பெயரில் துண்டு துண்டாக ஒதுக்கிவைத்திருந்ததால், ஒருவர் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பதியத் தொடங்கினாலே அரசியல் சண்டை மூளும். ஆகவே அடையாள ஆவணமோ தற்காலிக வாக்காளர் அட்டையோ வைத்திருக்கும் எவரும் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம் என்று முடிவாயிற்று. வாக்காளர் உள்ளே வந்ததும் கைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் நீட்டுவார். ஒளிரும் தடம் எதுவும் இல்லையென்றால் கையில் மை இடப்படும். பிறகு தேசிய அவைக்கு ஒரு சீட்டு, மாகாண அவைக்கு ஒரு சீட்டு. வீட்டுக்குப் போகும் வழியில் எந்த ஆயுதக் குழு நிறுத்தினாலும் கையில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. தேர்தலுக்கு முந்தைய நாள்களில் ஜோகன்னஸ்பர்க்கிலும் ஜெர்மிஸ்டனிலும் வலதுசாரிகள் வைத்த குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டிருந்த சூழலில் இது சிறிய சலுகையன்று.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத மைக்குக் கண்ணாக ஒரு விளக்கு வேண்டும், விளக்குக்கு மின்சாரம் வேண்டும். ஏப்ரல் 27 அன்று சாவடிகள் பலவற்றில் வாக்குச்சீட்டும் வரவில்லை, மையும் வரவில்லை, விளக்கும் வரவில்லை. ஸூலு மக்களிடையே வலுவான இன்காதா சுதந்திரக் கட்சி ஏப்ரல் 19 அன்றுதான் போட்டியிடச் சம்மதித்தது. அதற்குள் சீட்டுகள் அச்சாகி முடிந்திருந்தபடியால், அக்கட்சியின் பெயரைத் தனி ஒட்டுத்தாளில் அச்சிட்டு ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்ட வேண்டி வந்தது. அந்த ஒட்டுத்தாளும் பல இடங்களில் போய்ச் சேரவில்லை. பழைய தாயகப் பகுதிகளில் வாக்குப்பதிவு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. டர்பனுக்கு அருகே இனாண்டாவிலுள்ள ஒலாங்கே பள்ளியில் நெல்சன் மண்டேலா வாக்களித்தார். அதே வட்டாரத்தில், ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும், கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான தமிழர்களும் மற்ற இந்தியர்களும் ஸூலு மக்களும் அந்த நாளில் ஒரே சீட்டில் குறியிட்டார்கள். இந்தியர்களுக்கென்று தனி அவை அமைத்து 1984இல் நடத்தப்பட்ட தேர்தலில், வாக்குரிமை கிடைத்தும் பெரும்பாலோர் வீட்டைவிட்டு வராமல் புறக்கணித்தவர்கள் இவர்கள். எந்தத் தேர்தலுக்கு விரலை நீட்டலாம், எதற்கு நீட்டக் கூடாது என்பதை அவர்களுக்கு எந்த ஆணையமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அங்கேயும் மை தன் வேலையை முடித்த பிறகுதான் பெரிய ஆபத்து வந்தது. வாக்குகளைக் கூட்டிக்கொண்டிருந்த கணினிக்குள் யாரோ புகுந்து, தேசியக் கட்சி, சுதந்திர முன்னணி, இன்காதா ஆகிய மூன்று கட்சிகளின் எண்ணிக்கையை ஏற்றியிருந்தது தெரியவந்தது. ஆணையம் கணினியை ஒதுக்கிவிட்டுக் கையால் கூட்டும் முறைக்கு மாறியது. முழு விவரம் பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. டர்பன் அமைந்த க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் புகார்கள் மலைபோலக் குவிந்தன. ஆயினும் மே 6 அன்று, பெருமளவில் சுதந்திரமாகவும் நேர்மையாகவும் நடந்த தேர்தல் என்று ஆணையம் அறிவித்தது. சுமார் ஒரு கோடியே 95 லட்சம் செல்லுபடியான வாக்குகளில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசுக்கு 62.65 சதவீதம் கிடைத்திருந்தது. ‘பெருமளவில்’ என்ற அந்தச் சொல்லைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான சொல்லாகவே படுகிறது. குறைகளைப் பட்டியலிட்டு, அவற்றோடு சேர்த்தே முடிவை ஏற்கும்படி தோற்றவர்களிடம் கேட்டு, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரத்தை விட்டு இறங்கிய தேசியக் கட்சி அதிபர் டி கிளார்க் முழு முடிவு வருமுன்பே தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த தேர்தலுக்குள், அதாவது 1999க்குள், முறையான வாக்காளர் பட்டியலை அந்நாடு தயாரித்துவிட்டது. மையை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு நடக்கப் பழகியவர்கள் என்று இதைத்தான் சொல்வேன்.

மலேசியத் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் குப்பியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தூய தேர்தல் கோரிய பெர்சே இயக்கம் 2007 நவம்பரில் கோலாலம்பூரில் பேரணி நடத்தியபோது வைத்த கோரிக்கைகளில் அழியாத மையும் ஒன்று. தேர்தல் ஆணையம் ஒப்புக்கொண்டு மையையும் வாங்கிவிட்டு, 2008 மார்ச் 8 வாக்குப்பதிவுக்கு நான்கு நாளே இருக்கும்போது திட்டத்தைக் கைவிட்டது. ஒருவழியாக 2013இல் அறிமுகமானபோது, முன்கூட்டியே வாக்களித்த படையினர் முதல் பொதுமக்கள் வரை, கழுவினால் போகிறது என்று விரலைக் காட்டினார்கள். ஆப்கானிஸ்தானில் நடந்தது குழப்பம்; இங்கே மக்களுக்கு வந்தது சந்தேகம். சந்தேகத்தை எந்த விசாரணைக் குழுவும் எளிதில் கழுவ முடியாது. ஆனாலும் 2018 மே 9 அன்று, விடுதலைக்குப் பிறகு முதன்முறையாக ஆட்சி மாறியது, மை பட்ட விரல்களால்தான்.

விலை கூடிய மாற்றுப் பொருள்களும் சந்தையில் உண்டு. கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு வெடித்த வன்முறையை அடுத்து, தேர்தல் முறையை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் தென்னாப்பிரிக்காவின் அதே நீதிபதி க்ரீக்லர். அதன்பின் புதிய பட்டியலும் கைரேகை காட்டி அடையாளம் காணும் மின்னணுக் கருவிகளும் வந்தன. 2013 மார்ச் 4 அன்று பல சாவடிகளில் அந்தக் கருவிகள் உயிர்விட்டன. மின்வசதி இல்லாத பள்ளிக்கூடங்களில் மின்கலம் தீர்ந்துபோனால் யார் என்ன செய்ய முடியும்? பணியாளர்கள் அச்சிட்ட பட்டியலுக்கும் மைக்கும் திரும்பினார்கள். கருவியை நான் பழிக்கவில்லை. நிலையான ஆட்சியும் நிலையான மின்சாரமும் உள்ள இடத்தில் அது நல்ல முதலீடு. ஆனால் கருவி தவறினால் அது தவறியது என்பதைக்கூட ஒரு பொறியாளர் வந்துதான் சொல்ல வேண்டும். மை தவறினால் எழுதப் படிக்கத் தெரியாத கட்சி முகவர் ஒருவரே எழுந்து நின்று விரலைத் தூக்கிக் காட்டிவிடலாம். 2004இல் காபூலில் எழுந்த கூச்சலை நான் இந்தப் பொருளின் தோல்வியாக மட்டும் பார்க்காததற்குக் காரணம் அதுதான்: மூன்று மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்ட குறை அது. தென்னாப்பிரிக்கக் கணினிக்குள் நடந்தது எத்தனை பேர் கண்ணில் பட்டது?

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். வாங்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக முதல் தேர்தலுக்குச் சரக்கு அனுப்புபவர்களுக்கு, சில சொற்கள். பேனாவை விடக் குப்பியைக் கேளுங்கள். வெள்ளி நைட்ரேட் அளவைத் தாளில் மட்டும் பார்க்காமல், கட்சிகளின் பிரதிநிதிகளை வரவழைத்து, அவர்கள் விரலிலேயே வைத்து, சோப்பும் எலுமிச்சையும் ப்ளீச்சும் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்; வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு நடக்கும் இந்தக் கூத்துக்கு ஆகும் செலவு, பின்னால் வரும் விசாரணைக் குழுவின் செலவில் கால் தூசி பெறாது. பயிற்சி வகுப்பில் மை வைப்பதைக் காட்டிலும் விரலைப் பார்ப்பதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் நெருக்கும்போது முதலில் விட்டுப்போவது அந்தப் பார்வைதான் என்பதை என் சாவடியில் மதியத்துக்கு மேல் நானே உணர்ந்திருக்கிறேன். குப்பி கவிழாமல் நிற்க ஒரு கிண்ணமும் கொஞ்சம் மணலும், விரல் துடைக்க இரண்டு முழம் பழைய வேட்டித் துணியும் ஒவ்வொரு பையிலும் இருக்கட்டும். கொத்தனார் வேலையிலிருந்து நேராக வந்த ஒருவரின் விரலில் படிந்திருந்த சிமென்ட்டுப் பாலின் மேல் மை உருண்டு ஓடியது. துடைத்துவிட்டு வைத்த பிறகே பிடித்தது.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது குச்சிக்காக. அது இவ்வளவு குட்டையாக இருக்க வேண்டியதில்லை. மாலையில் பெட்டிகளுக்கு முத்திரை வைத்து அனுப்பிவிட்டு வீடு திரும்பியபோது என் வலது கையில் மூன்று விரல்களும் உள்ளங்கையில் பாதியும் கறுத்திருந்தன. மூன்று வாரம் சோற்றைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டேன். மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதத் திரும்பியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “சார், நீங்க மட்டும் எத்தனை ஓட்டுப் போட்டீங்க?”